பனமலை ஏரியில் வைத்த ஐகான்கள்

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்பது என் கணக்கு. என் அம்மாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவாள். பூக்காரி முழம் போட்டால் பூவைப் பார்க்க மாட்டேன், அவள் முழங்கையைத்தான் பார்ப்பேன். மாதா கோயிலில் செருப்பை ஜோடியாக விட்ட வழக்கமே கிடையாது. ஒன்று இந்த வாசலில், இன்னொன்று அந்த வாசலில். ஒற்றைச் செருப்பை எவன் எடுப்பான்? இத்தனை சாமர்த்தியமாக வாழ்ந்தும் நான் இழந்தது என் ஒரே சினேகிதியை. அவளையும் யாரும் என்னிடமிருந்து பிரிக்கவில்லை. என் வாய்தான் பிரித்தது.

அவளை எனக்குத் தெரிந்தது 1993-இல், திண்டிவனத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில். அவளுக்குக் காலை ஆறு மணி பேட்ச், எனக்கு ஏழு மணி. இரண்டு பேருக்கும் மூன்றாம் நம்பர் மிஷின்தான். அவள் எழுந்த நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் நான் உட்காருவேன். அங்கே மாஸ்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார். வரி எங்கே தொடங்க வேண்டும் என்று நிறுத்தி வைக்கிற மார்ஜின் கட்டையை, எழுந்திருக்கும் முன் ஜீரோவுக்குத் தள்ளிவிட வேண்டும். "அடுத்து வர்றவங்க அவங்க மார்ஜினை அவங்களே வெச்சுக்குவாங்க. உன்னுதை உட்டுட்டுப் போவாத" என்பார். நான் ஒரு நாளும் தள்ளியதில்லை, ஒரு நாளும் திட்டு வாங்காமல் இருந்ததும் இல்லை. அவள் ஒரு நாளும் மறந்ததில்லை. அவளுக்குப் பிறகு உட்காருகிறவள் என்பதால் எனக்கு மிஷின் எப்போதும் சுத்தமாகக் கிடைத்தது.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது, அது நிலைக்கவில்லை. விழுப்புரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே அவளைத் தங்கச்சியாக வைத்திருக்கவில்லை, சம்பளம் வாங்காத சமையல்காரியாகத்தான். "அடுப்படியிலதான்டி படுக்கிறேன்" என்று ஒரு தடவை சொன்னாள். நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு மாடியில் எட்டுப் பழைய கம்ப்யூட்டர்களோடு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பின்னால் ஒரு அறை சும்மா கிடந்தது. வந்துவிடு, சேர்ந்து நடத்தலாம் என்றேன். வந்தாள். அறைச் சாவியை அவள் கையில் கொடுத்த அன்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்குன்னு ஒரு சாவி இதான்டி மொதல் தபா" என்றாள்.

இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் எல்லோர் கையிலும் போன் வந்தது, போனுக்குள் இன்டர்நெட் வந்தது. எங்கள் படியேறி வருகிறவர்கள் ஹால் டிக்கெட் எடுக்கிற பிள்ளைகள் மட்டும்தான். மிஷின்களும் கிழடு. புதிதாக எதை ஏற்றினாலும் மூச்சு வாங்கும். சென்டரை மூடினால் எனக்கு வீடு இருக்கிறது, அவளுக்கு அந்த அடுப்படிதான். அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ராத்திரி கதவைப் பூட்டிவிட்டு ஒரு முறை இழுத்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு வந்திருந்தது, அதிலேயே எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வெப் பக்கம் செய்ய நானாகவே கற்றுக்கொண்டிருந்தேன், புத்தகத்தோடு வந்த ஒரு சிடியை வைத்துக்கொண்டு. கம்ப்யூட்டரைத் திறந்ததும் தெரிகிற டெஸ்க்டாப்பையே ஒரு வெப் பக்கமாகச் செய்தால் என்ன? உள்ளே இலவச லினக்ஸ் சத்தமில்லாமல் ஓடட்டும். அதன் மேல் பிரவுசரை விளிம்பு தெரியாமல் திரை முழுக்க விரித்துவிட்டால், பார்க்கிறவனுக்கு அதுதான் கம்ப்யூட்டர். கீழே ஒரு பட்டை, மூலையில் கடிகாரம், மவுஸால் தொட்டால் திறக்கிற பெட்டிகள், பெட்டியைப் பிடித்து இழுத்தால் கூடவே வரும். எல்லாம் தமிழில். எல்லாம் நான் எழுதிய புரோகிராம். பின்னணிப் படம்கூட நான் எடுத்ததுதான், பனமலைக் குன்றும் கோயிலும் கீழே ஏரியும். முதல் நாள் அது திரையில் விரிந்தபோது, பொய் சொல்வானேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏய், மெய்யாலுமே கம்ப்யூட்டராட்டமே இருக்குதுடி" என்று அவள் என் முதுகில் அடித்தாள்.

ஓமந்தூர் பக்கம் ஒரு ஸ்கூலில் இருந்து ஒரு சிஸ்டர் வந்து பார்த்தார். அவர்களிடம் தானமாக வந்த இருபது பழைய மிஷின்கள் தூங்கிக்கொண்டிருந்தன. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வேண்டும். நான் ஆறு ஐகான்களைப் படத்தின் மேல் வைத்துக் காட்டினேன். படம் வரைகிற தூரிகை ஏரிக்குள். எண்கள் கரையோரம். எழுத்து கோயிலுக்கு மேலே. பாட்டு குன்றின் அடிவாரத்தில். மற்ற இரண்டும் வானத்தில். சிஸ்டருக்குப் பிடித்துவிட்டது.

"பிள்ளைங்களுக்கு இன்னும் படிக்கத் தெரியாதுங்க மிஸ். ஏரிக்குள்ள இருக்குது, கோயில் மேல இருக்குதுன்னு எடத்தை வெச்சுத்தான் கண்டுபிடிக்கும். அந்த எடம் மட்டும் மாறாம இருக்கணும்" என்றார். ஒரு வாரம் தினமும் பத்து மணிக்குப் பிள்ளைகளை வேனில் கூட்டி வருவதாகவும், வெள்ளிக்கிழமை வரை ஒழுங்காக ஓடினால் இருபது மிஷினுக்கும் இதையே போட்டுக்கொள்வதாகவும், எங்கள் இரண்டு பேரையுமே வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ளச் சொல்வதாகவும் சொன்னார். அவர் படியிறங்கிய பிறகு அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் போடவில்லை. எனக்கு எதையும் நம்பிப் பழக்கமில்லை.

திங்கட்கிழமை அமர்க்களம். பிள்ளைகள் ஏரிக்குள் இருக்கிற தூரிகையைத் தொட்டுத் தொட்டுக் கத்தின. ஐகான்களையும் கண்டபடி இழுத்துக் கலைத்தன. வகுப்பு முடிந்ததும் எட்டிலும் எல்லாவற்றையும் இடத்தில் வைத்தேன். சாயந்திரம் ஐந்தரை பஸ்ஸுக்கு நான் கிளம்பிவிடுவேன். ஏழு மணிக்குக் கடையைச் சாத்துவது அவள்தான்.

செவ்வாய் காலை வந்து மிஷின்களைப் போட்டேன். ஏரியில் ஒன்றும் இல்லை. கோயில் மேல் ஒன்றும் இல்லை. ஆறு ஐகான்களும் இடதுபக்க ஓரத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக, ரேஷன் கடை வரிசை மாதிரி நின்றன. ஒரு மிஷினில் என்றால் விட்டுவிடலாம். எட்டிலும்!

கரண்ட் போய் வந்ததால் இருக்குமோ என்று முதலில் நினைத்தேன். கரண்ட் போனால் கலையும், இவ்வளவு ஒழுங்காக வரிசை கட்டுமா? பிள்ளைகள் மேல் சந்தேகப்பட்டேன். அவை கலைத்ததைத்தான் நானே சரிசெய்துவிட்டுப் போனேனே. அப்படியானால் நான் போன பிறகு யாரோ எட்டு மிஷினிலும் உட்கார்ந்து நாற்பத்தெட்டு ஐகான்களையும் பொறுமையாக இழுத்திருக்க வேண்டும். நான் போன பிறகு அங்கே இருப்பது யார்?

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சந்தேகக்காரர்களுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. கேட்டால் எதிராளி உஷாராகிவிடுவாள், பேசாமல் இருந்து பிடிக்க வேண்டும் என்று தோன்றும். நான் எட்டையும் ஒவ்வொன்றாக இழுத்து இடத்தில் வைத்தேன். அவள் டீ கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருக்கிறாளே, குற்றமுள்ள நெஞ்சு என்று எழுதிக்கொண்டேன் மனசுக்குள்.

இன்னொன்றும் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக அவள் செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் விழுப்புரம் போய்க்கொண்டிருந்தாள். பல்லுக்கு வேர் வைத்தியம் என்றாள். அன்றைக்கும் போனாள், நாலு மணிக்குத் திரும்பி வந்தாள். வாயில் பஞ்சும் இல்லை, கன்னத்தில் வீக்கமும் இல்லை. வந்த சூட்டோடு ஒரு பிடி வறுத்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், எடுத்துக் கறுக் கறுக்கென்று மென்றாள். பல் வைத்தியன் யாரடி இவ்வளவு கைராசிக்காரன் என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

புதன் காலை மறுபடியும் எட்டிலும் அதே வரிசை. மறுபடியும் இழுத்தேன். மத்தியானம் விழுப்புரத்தில் வேலை பார்க்கிற என் தங்கை போன் செய்தாள். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, "நேத்து உன் கூட்டாளியைப் பாத்தேன்க்கா. இங்க ஸ்டேஷன் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருக்குதுல்ல, அந்தப் படியேறிக்கினு இருந்தாங்க. கழுத்துல பென் டிரைவ் வேற மாட்டிக்கினு" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். என் டெஸ்க்டாப்பைப் பென் டிரைவில் போட்டு விழுப்புரத்துக்காரனுக்குக் கொடுக்கிறாள். இங்கே இதைக் கலைத்துக் காட்டி சிஸ்டருக்கு வெறுப்பேற்றிவிட்டால், ஸ்கூல் வேலை அங்கே போய்விடும். சென்டர் மூடினால் அவள் எங்கே போவாள், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வாளா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு அவள் சிரித்தாலும் பேயாகத் தெரிந்தது.

வியாழன் என் பஸ் வழியில் நின்றுவிட்டது. நான் படியேறும்போது பிள்ளைகள் உட்கார்ந்தாகிவிட்டது. ஒரு குழந்தை ஏரியை விரலால் தட்டித் தட்டி, "காணோம் சிஸ்டர், தண்ணிக்குள்ள காணோம்" என்று அழுதுகொண்டிருந்தது. சிஸ்டர் என்னைப் பார்த்தார். "என்னங்க மிஸ் இது? நான் ஒண்ணே ஒண்ணுதான கேட்டேன்?" என்றார். நாளைக்குச் சரியாக இருக்கும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவள் அந்தக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சமாதானம் செய்தாள். என்ன நடிப்பு என்று நினைத்தேன். அடிப்பாவி, நான்தான் நினைத்தேன்.

அன்று சாயந்திரம் கிளம்பும் முன் ஒரு பொறி வைத்தேன். எந்த மிஷினில், எத்தனை மணிக்கு, எந்த ஐகானை, எங்கே நகர்த்தினார்கள் என்பது மூலையில் எட்டையும் இணைக்கிற மெயின் மிஷினில் தானாக எழுதப்படும்படி நாலு வரி சேர்த்தேன். அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளி காலை வழக்கத்துக்கு முந்தின பஸ்ஸில் வந்தேன். எட்டிலும் அதே வரிசை. மெயின் மிஷினில் பதிவைத் திறந்தேன். நான் கிளம்பிய பிறகு விழுந்த வரிகள் கண்ணில் பட்டன. மூன்றாம் நம்பர் மிஷின். ஆறு மணி நாற்பது. இடமிருந்து ஜீரோ, ஜீரோ, ஜீரோ. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அவள் துடைப்பத்தோடு வந்தாள். எத்தனை மணிக்கு மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தாய் என்று கேட்டேன்.

"ஆறரை இருக்கும். ஏன்டி?"

"ஐகானை ஏன் தள்ளினே?"

"எழுந்திரிக்கச்சொல்ல ஜீரோவுல வெச்சுட்டு எழுந்திரிச்சேன். மாஸ்டர் சொல்லுவாருல்ல" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைக்கேறிவிட்டது. என்னென்ன சொன்னேன் என்று எல்லாமே எனக்கு நினைவிருக்கிறது. மறந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். உண்ட வீட்டுக்கே ரெண்டகம் செய்கிறவள் என்றேன். விழுப்புரத்துக்காரனுக்கு எவ்வளவுக்கு என்னை விற்றாய் என்றேன். புருஷன் வீட்டிலும் இந்த வேலை செய்துதான் துரத்தினார்களா என்று கேட்டேன். கடைசி வார்த்தை வெளியே வந்தபோது சிஸ்டரும் பிள்ளைகளும் மாடிப்படியின் பாதியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் அழவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

"பல்லு வைத்தியம் பொய்தான். அந்த சென்டர்ல கிளாஸுக்குப் போறேன், இந்த வெப் பக்கம் பண்றது கத்துக்க. நீ இன்னா பண்றேன்னு புரிஞ்சா கூடமாட ஒத்தாசையா இருக்கலாம்னு. உங்கிட்ட கேட்டிருந்தா எரிஞ்சு உழுந்திருப்ப. அதான் கேக்கல. கத்துக்கினு வந்ததை மூணாம் நம்பர்ல போட்டுப் பாப்பேன். முடிஞ்சதும் ஜீரோவுல வெச்சுடுவேன். காலைல நீ வந்து ஒவ்வொண்ணா வெக்கச்சொல்ல, மார்ஜின் வெக்கிற மாதிரி அது உன் வேலைன்னு நெனச்சேன். நேத்து அந்தப் புள்ள அழுதுச்சே, அது நீ வர்றதுக்கு லேட்டானதாலன்னுதான் நெனச்சேன். மத்த ஏழையும் நான் தொடவே இல்லடி."

"தொடாமலா எட்டும் மாறிச்சு? யார் காதுல பூ சுத்தற?"

அவள் உள்ளே போனாள். ஒரு பையோடு வந்தாள். அறைச் சாவியை மூன்றாம் நம்பரின் கீபோர்டு மேல் வைத்தாள். சிஸ்டரைத் தாண்டி, ஒரு குழந்தையின் தலையைத் தொட்டுவிட்டு, படியிறங்கினாள். விழுப்புரம் பஸ்ஸுக்கு அந்த ஊரில் எப்போதும் காத்திருக்க வேண்டியதில்லை.

நான் நியாயமானவள் என்று சிஸ்டருக்குக் காட்ட வேண்டுமே. பதிவைத் திறந்து, இதோ பாருங்கள் என்று விரல் வைத்தேன். சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். "ஆறு வரிதான இருக்குது மிஸ்? எல்லாம் மூணாம் நம்பர். மத்த மிஷினெல்லாம் எங்க?"

நாற்பத்தெட்டு வரி இருக்க வேண்டும். ஆறுதான் இருந்தது. அவள் சொன்னது உண்மை என்றால் மற்ற ஏழும் தானாக மாறியிருக்கின்றன. ஐந்தாம் நம்பரில் தூரிகையை ஏரிக்குள் இழுத்து வைத்தேன். ஆறாம் நம்பரை அணைத்துத் திரும்பப் போட்டேன். ஆறாம் நம்பரிலும் தூரிகை ஏரிக்குள் இருந்தது. ஆறாம் நம்பரில் எந்த ஐகானையும் நான் இழுக்கவே இல்லை.

ஐகான் எங்கே இருக்கிறது என்பதை மெயின் மிஷினில் ஒரு ஃபைலில் எழுதி வைக்கும்படி செய்திருந்தேன். மிஷினுக்கு ஒரு ஃபைல் வைத்திருக்க வேண்டும். நான் எட்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று வைத்திருந்தேன். யார் கடைசியாக நகர்த்துகிறார்களோ, மறுநாள் காலை எட்டும் அவர்கள் வைத்தபடி திறக்கும். தினமும் கடைசியாக எழுந்தவள் அவள். செவ்வாயும் புதனும் ஒவ்வொன்றாக இழுத்தேனே, நடுவில் ஒரே ஒரு மிஷினை அணைத்துப் போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். தன் முதுகு தனக்குத் தெரியாது.

அதைச் சரிசெய்ய எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. பிள்ளைகள் ஏரியில் தூரிகையைக் கண்டுபிடித்துக் கை தட்டின. சிஸ்டர் வேலையை எங்களுக்கே கொடுத்தார். எங்களுக்கு என்று நான் எழுதுகிறேன். அப்போது நான் ஒருத்திதான் இருந்தேன். போகும்போது சிஸ்டர், "அந்த மிஸ்ஸைப் போய்க் கூட்டிக்கினு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்று மத்தியானம் மூன்றாம் நம்பரில் அவள் செய்துகொண்டிருந்த பக்கத்தைப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு டைப்பிங் பழக்குகிற ஒரு பெட்டி. கட்டம் கட்டமாகக் கீபோர்டு வரைந்திருந்தாள், பாதிக் கட்டங்கள் கோணல். மேலே டைப்ரைட்டிங்கின் முதல் பாடம், ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் ஆறு மணி பேட்ச் என்றும் இன்னொன்றில் ஏழு மணி பேட்ச் என்றும் எழுதியிருந்தாள். ஏழு மணியைத் தொட்டேன். ஒன்றும் திறக்கவில்லை. அதற்குள் என்ன வைக்க நினைத்தாளோ, இன்னும் எழுதியிருக்கவில்லை. நான் வாய்விட்டு அழுதேன்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம், அவளிடம் போய்ச் சொல் என்றார். ஞாயிறு பூசை முடிந்து விழுப்புரத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனேன், சாவியை எடுத்துக்கொண்டு. அவள் கையில் மீன் செதில் ஒட்டியிருக்க வெளியே வந்தாள். நான் ஒரே மூச்சில் சொன்னேன். ஒரே ஃபைல், என் தப்பு, உன் மேல் ஒன்றும் இல்லை, ஸ்கூல் வேலை கிடைத்துவிட்டது, வா என்றேன். சாவியை நீட்டினேன்.

முழுவதும் கேட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ஃபைலு தப்புன்னு தெரிஞ்சுது, வந்துட்ட. தெரியாமப் போயிருந்தா வந்திருப்பியாடி?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் வரவில்லை.

"வந்திருக்க மாட்டேன்" என்றேன்.

தலையை ஆட்டினாள். "கொழம்பு கொதிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் வாசலில் நின்றேன். ரொம்ப நேரம் கழித்து அவள் அண்ணி எட்டிப் பார்த்து, "அவ பின்பக்கமா கடைக்குப் போயிட்டாளே, நீங்க இன்னும் நிக்கிறீங்களா?" என்றாள்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் சென்டரை நடத்தினேன். ஸ்கூலுக்கு நான் மட்டும் போய்வந்தேன். சிஸ்டர் ஒரு தடவையும் அவளைப் பற்றித் திரும்பக் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம் என்று இருக்கும். பின் அறையை யாருக்கும் விடவில்லை. சாவி மூன்றாம் நம்பர் பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது. அந்த மிஷினை வேறு யாருக்கும் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன். தினமும் கிளம்பும் முன், ஏரியிலும் கோயிலிலும் இருக்கிற ஆறு ஐகான்களையும் இடதுபக்க ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். மறுநாள் காலை எட்டையும் போடுவேன். மற்ற ஏழும் அதது இடத்தில் இருக்கும். மூன்றாம் நம்பர் மட்டும் ஜீரோவில் இருக்கும்.